படத்தில் வந்த சொல்

1955இல் இலங்கை மலைநாட்டு ஹட்டனுக்கு மலையாளப் படம் வருவது அபூர்வம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்குச் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த மலையாளிகள் முன்கூட்டியே வந்து நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். மீதி இடங்களில் வழக்கம்போலத் தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களுக்கு ஞாயிறு என்றால் படம். எந்தப் பாஷை என்று யாரும் கேட்பதில்லை.

மூக்கன் அப்படி வந்தவர் அல்ல. அவரையும் அவர் மகள் பேச்சியம்மாவையும் பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்தவன் தங்கப்பன். அவர்கள் தோட்டத்து ஃபாக்டரியில் இஞ்சின் பார்க்கும் மலையாளி. பேச்சியம்மாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் கேட்டு மாதக்கணக்கில் ஆகிறது. மூக்கன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "உங்க சனம் எப்படிப்பட்டதுன்னே எனக்குத் தெரியாதே தம்பி" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். கேரளத்தில் தன் ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்ட வழியில்லை. கடல் தாண்டினால் திரும்பி வர அனுமதி கிடைக்குமோ என்னவோ. படத்துக்காவது கூட்டிப்போகலாம் என்று தங்கப்பன் நினைத்தான்.

படத்தில் வாள் சண்டை இல்லை, அரண்மனை இல்லை. சேறு, தோணி, ஓலைக் குடிசை. வயலில் வேலை செய்யும் பெண்ணை நிலக்காரர் மகன் விரும்புகிறான். அவ்வளவுதான் கதை.

"என்னடா இது, காலையில லயத்துல பார்த்த மூஞ்சிங்களையே காட்டுறான்!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"சும்மா இரு. மழையாவது நல்லாப் பெய்யுது."

"மழை பார்க்கவா ஹட்டனுக்கு வந்தே? உன் கூரை ஒழுகுறது பத்தலையா?"

மூக்கன் சிரிக்கவில்லை. கால்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். திரையில் குனிந்து நாற்று நட்ட பெண்களைப் பார்த்து, "நம்ம மாதிரித்தான் இருக்காங்க" என்று முனகினார். தங்கப்பனுக்கு உயிர் வந்தது.

அப்போது நிலக்காரர் மகன் அந்தப் பெண்ணின் வழியை மறித்துச் சொன்னான்: "எனிக்கு ஒந்நு பறயான் உண்டு."

மூக்கன் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னா சொன்னான் அவன்?"

"அப்பா, உக்காருங்க."

"அந்தப் புள்ளைகிட்ட என்னான்னு சொன்னான்? பறையன்னான். என் காதுல விழுந்துச்சு."

அது அவருடைய சாதியின் பெயர். பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணியின் வாயிலிருந்து அது எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும்.

தங்கப்பனுக்குப் பதற்றத்தில் தமிழ் வரவில்லை. "இரிக்கூ, ஞான் பறயாம்! ஞான் பறயாம்!" என்றான்.

மூக்கன் அவன் சட்டையைப் பிடித்தார். "நீயுமா?"

பேச்சியம்மா இருவரையும் வெளி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பா, அது திட்டு இல்ல. அவங்க பாசையில சொல்றதுக்குப் பேரு பறயறது. 'ஒன்னு சொல்லணும்'னான், அவ்வளவுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் மொதல்ல தெரியாது. இவரு எங்கிட்ட அப்படிச் சொன்னப்ப கொழுந்துக் கூடையாலேயே போட்டேன்."

"மண்டை வீங்கிப் போச்சு" என்றான் தங்கப்பன்.

மூக்கனின் பிடி தளர்ந்தது. ஆனால் முகம் தளரவில்லை. "சரி தம்பி. சொல்றதுக்குப் பேரு அது. எங்க சாதிக்கு உங்க ஊர்ல என்னா பேரு?"

தங்கப்பன் பேச்சியம்மாவைப் பார்த்தான். அவளும் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள்.

"அதே பேருதான்."

"கங்காணி சொல்ற மாதிரியே சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க. எங்க வீட்டிலயும்."

"உங்க அம்மாவுக்கு நாங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார் மூக்கன்.

"தமிழ்ப் பொண்ணுன்னு எழுதினேன்."

"அது மட்டுந்தானா?"

ஆமாம் என்று தலையாட்டினான். உள்ளே யாரோ விசிலடித்தார்கள்.

"நாங்க யாருன்னு எழுதுங்க. பேரச் சொல்லியே எழுதுங்க. அவங்க பதில் வந்தப்புறம் என் பதிலக் கேளுங்க. அதுவரைக்கும் எங்க லயத்துப் பக்கம் வராதீங்க" என்றார் மூக்கன்.

"அவங்க ஒத்துக்கலைன்னா நீங்களும் ஒத்துக்க மாட்டீங்களா?" பேச்சியம்மாவின் குரல் உயர்ந்தது. "கட்டிக்கப் போறது அவங்களையா?"

"ஒரு நாள் நீ அந்த வீட்டுப் படி ஏறுவே. அன்னைக்கு அவங்க உன்னைப் பார்த்து அதைச் சொன்னா, சொல்றதுக்குப் பேருதான் அதுன்னு சமாளிக்க முடியாது."

அவள் விருட்டென்று உள்ளே போனாள். சற்று நின்றுவிட்டு மூக்கனும் போனார். தங்கப்பன் கடைசியில் வந்து உட்கார்ந்தான்.

அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. மலையாளத்தில் அது இல்லாமல் யாரும் யாரிடமும் அதிகம் பேச முடியாது. அர்த்தம் தெரிந்த பிறகும் ஒவ்வொரு தடவையும் மூக்கனின் தோள் வெட்டி இழுத்தது. தங்கப்பன் திரையைப் பார்க்கவில்லை. அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு எழுத வேண்டியதை மனதுக்குள் தொடங்கினான், நிறுத்தினான், மறுபடியும் தொடங்கினான்.