அறையில் வேறு யாரும் இல்லை

அப்பாவை நாற்காலியோடு தூக்கி வெளி நடையில் வைத்தோம். டெல்லியில் நாங்கள் இருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, ஊர்க்கோடி நரேலாவில் கிடைத்த மாடி வீட்டில் ஓர் அறைதான். வீட்டிலிருந்து ஆன்லைனில் தேர்வு எழுதும்போது அறையில் நான் மட்டுமே இருக்க வேண்டும். லேப்டாப்பைத் திருப்பி, கட்டிலுக்கு அடியில்கூட ஆள் இல்லை என்று காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் லேப் மென்பொருள் அனுப்புவதை வார்டு மென்பொருளுக்குப் புரியவைக்கிற வேலை. அதற்கான சான்றிதழுக்குத்தான் இந்தத் தேர்வு. கிடைக்காவிட்டால், நான் பாதியில் விட்டு ஓடிவந்த அதே கால் சென்டர் இரவு ஷிப்ட், அதே ஹெட்செட்.

போன முறை தேர்வின் பாதியில் வெளியேற்றிவிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா நினைப்பில் இன்னும் கேம்ப்பில்தான் இருக்கிறார். "ஷங்கரு! தண்ணி வண்டி வந்துருச்சுடா!" என்று கத்தினார். கேமராவில் என்னைக் கண்காணித்தவனுக்குத் தமிழ் தெரியாது. யாரோ விடை சொல்வதாக முடிவு கட்டினான். இன்னொரு குரல் கேட்டால் இனி எழுதவே முடியாது.

"அவனுக்குத்தான் நம்ம பேச்சு புரியாதே, அப்பறம் எதுக்குடா பயப்படறான்?" என்றாள் அம்மா. இதற்காக அன்று வேலை செய்யும் வீடுகளுக்குப் போகாமல் இருந்தாள்.

"புரியலன்னுதாம்மா பயம்."

"அச்சா, ஜல்தி முடி. அப்பாவ நான் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்தினேன். தகவல் கிடைத்தது என்று எதிர்ப்பக்க மென்பொருளிலிருந்து பதில் வந்தால் என்ன பொருள் என்று ஒரு கேள்வி. போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். யாராவது படித்தார்கள் என்று பொருள் இல்லை. அதைக் குறித்தேன். வெளியே "ஷங்..." என்று ஒரு சத்தம் எழுந்து, வெட்டினதுபோல் நின்றது. நாற்காலிக் கால் தரையில் உராய்ந்தது. மறுபடியும் உராய்ந்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்தால் அதுவும் குற்றம். நான் எடுக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் உராய்வதும் நின்றுவிட்டது.

தேர்ச்சி என்று திரையில் வந்தது.

கதவைத் திறந்தேன். அம்மா ஒரு கையால் அப்பாவின் பின்னந்தலையைப் பிடித்திருந்தாள். மறு கை அவர் வாயின்மேல்.

"பாஸாடா?" என்று கிசுகிசுத்தாள்.

"ம். கைய எடும்மா."

எடுத்தாள். உள்ளங்கையில் பல் பதிந்திருந்தது. அதை யாரும் பார்க்காத மாதிரி புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கீழே ஹாரன் அடித்தது. நிஜமாகவே தண்ணீர் வண்டி. பக்கத்து வீடுகளிலிருந்து குடங்களோடு ஓடினார்கள். அப்பா படிக்கட்டைப் பார்த்தார். வாய் திறந்தே இருந்தது. சத்தம் வரவில்லை.