அரைத் தொட்டித் தண்ணீரும் பன்னிரண்டு விரிப்புகளும்

1.
இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. "வளம் குறையும்போது ஒத்துழைப்பு எப்படி வளருதுன்னு ஆட்டக் கோட்பாட்டை, அதான் கேம் தியரியை வச்சு எளிமையா எழுதுங்க" என்றார் பத்திரிகைக்காரர். சூத்திரங்களைப் படித்தேன். தூக்கம்தான் வளர்ந்தது. அப்போது மொட்டைமாடியில் இரண்டு பெண்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2.
முதல் தொடக்கம்: "மனிதன் இயல்பிலேயே சுயநலம் கொண்ட ஒரு" (அடித்துவிட்டேன். அதற்கு அவசரமில்லை.)

இரண்டாவது: இருவரும் ஓரகத்திகள். கீழ்வீட்டில் மூத்தவள், அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவள். மேல்மாடியில் இளையவள், ஒரு மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவள். நடுமாடியில் வாடகைக்கு நான்.

நாள் முழுக்கத் தண்ணீர் வந்த காலத்தில் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. வரத்து ஒரு மணி நேரமாகச் சுருங்கியதும் ஒப்பந்தம் பிறந்தது: ஆளுக்குப் பாதித் தொட்டி. குச்சியின் நடுவில் சிவப்பு நூல். ஒருத்தி எடுத்ததும் மற்றவள் அளப்பாள்.

[பற்றாக்குறை மனிதர்களைச் சேர்க்கும், இன்னும் முற்றினால் பிரிக்கும். எந்த இடத்தில் திரும்பும் என்று கேட்காதீர்கள். பத்திரிகைக்காரரும் கேட்டார்.]

3.
இன்று காலை மூத்தவள் தன் பாதியை எடுத்தாள். இளையவள் அளந்தாள், சரியாக நூல்வரை இருந்தது. அரைமணி கழித்து, பன்னிரண்டு விரிப்புக்கும் சோப்புப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தால் பாதி வாளி, பிறகு வெறும் காற்று.

"அக்கா, என் பங்குல கை வச்சிட்டீங்கல்ல?"

"அடுப்பு மேல சத்தியமா இல்லடி. அளக்கும்போது கண்ணை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தியா?"

"பதினோரு மணிக்கு வண்டி வரும். விரிப்பு போகலைன்னா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்திடுவாங்க."

"அதுக்கு நான் என்ன, மேகமா?"

மூத்தவளிடம் பாத்திரம் கழுவ ஒரு டிரம் தண்ணீர் மிச்சமிருக்கிறது. முடிவு அ: அதைக் கொடுக்கிறாள். (நாற்பது பேர் சாப்பாடு என்னாவது?) முடிவு ஆ: கொடுக்கவில்லை, நாளையிலிருந்து முந்தியவளுக்கே தொட்டி. ஆ கோட்பாட்டுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால்

4.
ஒரு பாத்திரத்தை நான் ஒழுங்காக அறிமுகப்படுத்தவில்லை. நடுமாடிக்காரன். வாடகைப் பேச்சின்படி அவனுக்குக் காலையில் இரண்டு வாளி. இன்று அந்த அரைமணியில் அவன் ஒரு கம்பளியைத் துவைத்தான். எத்தனை வாளி என்று எண்ணவில்லை. ஒத்துழைப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். அலசுவதற்குப் பிடித்த தண்ணீர் இன்னும் அவன் குளியலறை அண்டாவில் தளும்புகிறது. பன்னிரண்டு விரிப்புக்கும் தாராளமாகக் காணும்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

"சாரைத் தொந்தரவு பண்ணாதே, எழுதிட்டிருப்பாரு."

"எழுதட்டும். யாரு குழாய் ஓடிச்சுன்னு அவருக்குக் கேட்டிருக்கும்ல. ஒரு சாட்சி சொல்லிட்டு எழுதட்டும்."

கதவு தட்டப்படுகிறது. மணி பத்தேகால். திறந்ததும் நான் என்ன சொல்கிறேன் என்பதைத் தயவுசெய்து நீங்களே எழுதுங்கள்.

என்னிடம் விட்டால் கீழ்வீட்டுக் குழாய்தான் ஓடியது என்று சாட்சி சொல்லிவிடுவேன்.