மூக்கு வேலை

ஓட்டலில் அவளுக்குப் பெயர் மூக்கு. "மூக்கைக் கூப்பிடு", "மூக்கு வந்தாச்சா", "மூக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும்". வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சம் இருந்தது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ அலுவலகப் படிகள் ஏறி இறங்கியும் கிடைக்காத மரியாதையை இந்த மூக்குதான் வாங்கிக் கொடுத்தது.

ஒயின் வாங்கும் பிரிவுக்கு ஆள் எடுத்த அன்று அவளோடு வந்திருந்தவர்கள் எல்லாம் பிறந்த வீட்டிலேயே கண்ணாடிக் கோப்பை பார்த்தவர்கள். சிவப்பு ஒயினை ஒரு சுழற்று சுழற்றி, அவள் படத்தில்கூடப் பார்க்காத பழங்களின் பெயரை வரிசையாகச் சொன்னார்கள். அவள் முறை வந்தது. "தோல் ஊறப்போடற தொட்டி சார். மரப்பட்டைத் தண்ணி. சரியாக் காயாத சட்டை" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். பிரிவின் தலைவர், எல்லோரும் பெரிய சார் என்று கூப்பிடுகிறவர், சிரிக்கவில்லை. தன் கோப்பையை மறுபடி எடுத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "அதேதான்" என்றார்.

அது அவளுடைய அப்பாவின் சட்டை. தோல் பதனிடும் தொழிற்சாலையில் அந்த மனிதர் ஆயுளைக் கரைத்தார். பஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை காலியாகவே ஊர் வந்து சேரும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாடையில்தான் அவளும் அண்ணனும் வளர்ந்தார்கள், அவள் கல்லூரிக்கும் போனாள். அப்பாவின் மூக்கு என்றைக்கோ செத்துப்போயிருந்தது. "தொட்டியில நின்னவனுக்கு மூக்கு எதுக்கு, மூஞ்சியில ஒரு அடையாளத்துக்குத்தான்" என்பார். மகளின் மூக்குக்குச் சம்பளம் என்று கேள்விப்பட்டபோது சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. அப்புறம் தெருவில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லித் தீர்த்தார்.

அந்த மூக்கு இப்போது இல்லை. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காபி வெந்நீராகிவிட்டது. சோப்பு வெறும் வழுவழுப்பு. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று இருந்தாள். வாரங்கள் போயின. மூக்கு திரும்பவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மோப்பம் பிடிக்க வைத்த நாய்க்கு மோப்பம் போனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அவளுக்குப் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை. நாக்கு மட்டும் உயிரோடு இருந்தது. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, தொண்டையில் இறங்கும் சூடு, இந்த நான்கை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினாள். சுரீரென்று புளித்தால் சாவின்யோன் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயின். புளிப்புக்கு அடியில் இனிப்பு ஒளிந்திருந்தால் ரீஸ்லிங். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிகிற அளவுக்கு நிறம் வெளுத்திருந்தால் பினோ நுவார் என்கிற லேசான சிவப்பு. பல்லையும் ஈறையும் பிடித்து இறுக்கினால் காபர்னே என்கிற கனத்த சிவப்பு. மற்றதை எல்லாம் அடுத்தவர் முகம் சொல்லிவிடும். எல்லோரும் சொன்ன பிறகு, சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுச் சொல்வாள். "மூக்கு இப்பெல்லாம் ரொம்ப அடக்கமா ஆயிடுச்சு" என்று சமையலறையின் தலைவரான செஃப் கிண்டல் செய்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

வீட்டில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி, உள்ளங்காலில் புண். காலில் உணர்ச்சி இல்லை. ஆணி குத்தினால்கூட வேறு யாராவது பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் கறாராகச் சொல்லியிருந்தாள்: மேலே தோல் மூடினாலும் நம்பாதீர்கள், உள்ளே அழுகும், கட்டைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள், வாடை வந்தால் அன்றைக்கே கூட்டி வாருங்கள். அண்ணி உடனே சொன்னாள்: "அதுக்கென்ன, நம்ம வீட்லதான் சம்பளம் வாங்கற மூக்கு இருக்கே." அப்படித்தான் அந்த வேலை அவள் தலையில் வந்து விழுந்தது. அப்போது மூக்கு இருந்தது. போன பிறகும் வேலை அவளிடமே இருந்தது.

தினம் காலையில் அப்பா காலை நீட்டுவார். அவள் கட்டைப் பிரித்து, குனிந்து மூச்சை இழுப்பாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

புண்ணின் மேல் தோல் மூடிக்கொண்டுதான் வந்தது. பட்டையும் சாயமும் ஏறிக் கறுத்துப்போன பாதம் அது. அதில் எது புதுக் கறுப்பு என்று யார் கண்டார்கள்? கட்டு கொஞ்ச நாளாக அதிகமாக நனைந்திருந்தது. களிம்பு உருகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

அன்றும் அப்படித்தான் பார்த்தாள், அப்படித்தான் சொன்னாள். பழைய கட்டை பிளாஸ்டிக் பையில் முடிந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக் குப்பையில் போட அண்ணி விடமாட்டாள் என்பதால் தெருமுனைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் போவது வழக்கம். அன்று தெருமுனைக்கு வரும்போதே பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டாவது நிறுத்தத்தில் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள். இன்றைக்காவது கையைக் காலை நீட்டி உட்காரலாம் என்று இவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏனென்றால் அன்று முக்கியமான நாள். அந்த ஓட்டலின் எல்லாக் கிளைகளிலும் வருடம் முழுக்க ஊற்றப்போகும் ஒயின்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு வெள்ளை, ஒரு லேசான சிவப்பு, ஒரு கனத்த சிவப்பு. அது முடிந்ததும் அவள் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில் பெரிய சார் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

சுவைக்கும் அறையில் ஜன்னல்களைத் திறக்கமாட்டார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை விரிப்பு. உள்ளே வருகிறவர்கள் சென்ட் போடக்கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. பாட்டில்கள் பெயர் தெரியாதபடி கறுப்பு உறை போட்டு, எண் ஒட்டி நின்றன. சுவைத்ததைத் துப்ப ஆளுக்கொரு குடுவை. மூன்றே பேர்: பெரிய சார், செஃப், அவள். கைப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நீ முதல்ல சொல்லு" என்றார் பெரிய சார். "நிரந்தரமாகப் போற ஆளு. எங்க பின்னாடியே ஒளிஞ்சுட்டிருந்தா எப்படி?"

இனிப் பார்த்துச் சொல்ல அடுத்தவர் முகம் இல்லை. ஆனாலும் வெள்ளை ஒயின்களில் தப்பித்துவிட்டாள். முதலில் வந்தது சுரீரென்று நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது. அடுத்தது வெண்ணெய் மாதிரி கனமாக உருண்டது, ஷார்டனே என்று துணிந்து சொன்னாள். மூன்றாவதில் புளிப்பும் இனிப்பும் சண்டை போடாமல் நின்றன. "ரீஸ்லிங். இதை எடுக்கலாம். சாப்பாட்டோட சண்டைக்குப் போகாது" என்றாள். பெரிய சார் தலையாட்டினார். லேசான சிவப்பில் இரண்டு பினோ நுவார். ஒன்று தண்ணீர், மற்றதற்கு முதுகெலும்பு இருந்தது. அதுவும் சரி என்றார்கள். இடைவேளையில், நாக்கைச் சுத்தம் செய்ய எடுத்துவந்திருந்த ரொட்டிக்காகக் கைப்பையைத் திறந்தாள். துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, பையை அப்படியே காலடியில் விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது.

கனத்த சிவப்பு வந்தது. காபர்னே, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஈறு அப்படி இறுகியது. அவள் வாயைத் திறப்பதற்குள் பெரிய சார் கோப்பையை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார். புருவம் சுருங்கியது. செஃப்பும் ஒரு முறை முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

அவளும் மூக்கைக் கோப்பைக்குள் விட்டாள். கண்ணாடியின் குளிர்ச்சி மட்டும் மூக்கில் பட்டது. ஆனால் முகங்களைப் படிக்கத் தெரியுமே.

"கெட்டுப்போச்சு சார்" என்றாள். "மூடியோட கார்க் வாடை பிடிச்சிருக்கு."

"கார்க் வாடை இப்படி இருக்காதே" என்றார் செஃப். "இது ஏதோ செத்த வாடைல்ல?"

"பீப்பாயிலயே கெட்டிருக்கும். சுத்தம் பண்ணாம ஊத்திருப்பாங்க." எங்கிருந்துதான் அவ்வளவு துணிச்சல் வந்ததோ.

அந்த பாட்டிலை ஒதுக்கினார்கள். அடுத்தது ஷிராஸ் என்கிற இன்னொரு கனத்த சிவப்பு, உறைக்குள் வேறு தோட்டம், வேறு கம்பெனி. பெரிய சார் முகர்ந்தார். அதே சுருக்கம். அவள் இந்த முறை யாரும் கேட்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இதுவும் போச்சு சார், வெயில்ல வெச்சிருப்பாங்க என்றாள். மூன்றாவதுக்கும் அதையே சொன்னாள், கொஞ்சம் அலுத்துக்கொண்டு, இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுப்பில்லை என்கிற தோரணையில். அந்த ஒயினைச் செய்தவன் எங்கோ ஒரு மலைச்சரிவில் கொடியைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பான். அவனுடைய ஒரு வருட உழைப்பு இங்கே ஒரு பொய்யால் குப்பைக்குப் போனது.

பெரிய சார் எழுந்தார். மூன்றாவது கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முகர்வது தெரிந்தது. ஒரு வாய் குடித்தார், துப்பவில்லை, விழுங்கினார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"பாட்டில்ல ஒண்ணும் இல்ல. அருமையா இருக்கு. ரூம்லதான் இருக்கு."

முகர்ந்துகொண்டே வந்தார். மேசையைச் சுற்றி, செஃப்பைத் தாண்டி, அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்தார்.

"இது உன் பையா?"

எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பை. முடிச்சு அவிழ்ந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் கட்டுத் துணி மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. காலையில் குழல் விளக்கடியில் அது வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. செஃப் ஏப்ரனால் மூக்கைப் பொத்திக்கொண்டு, திறக்கவே கூடாத ஜன்னலைத் திறக்கப் போனார்.

"மூணு பாட்டிலையும் கெட்டதுன்னியே. எதை வெச்சும்மா சொன்னே?" பெரிய சார் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, "அந்தக் காய்ச்சல்லயா போச்சு?" என்றார்.

தலையாட்டினாள்.

"சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாமே. எதை இழந்தாலும் நாளைக்குச் சோறு நிச்சயம் என்று இருப்பவர்கள் வாயில்தான் அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வரும். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. பையை மூடி எடுத்துக்கொண்டாள். அவர் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். உத்தரவு எழுதிய தாள் அவர் கோப்புக்குள்ளேயே தங்கிவிட்டது.

வெளியே வந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும் நினைப்பெல்லாம் வேலையைப் பற்றியே இருந்தது. நாளையிலிருந்து யார் கதவைத் தட்டுவது, அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது. லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே நின்றிருந்த பெண் அவளைப் பார்த்துவிட்டு மெல்ல மூலைக்கு ஒதுங்கினாள். அப்போதுதான் உறைத்தது. வாடை பையிலிருந்து வரவில்லை. துணியிலிருந்தும் வரவில்லை. அது ஒரு காலிலிருந்து வருகிறது. அந்தக் காலுக்கு இன்று காலைதான் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அண்ணிக்கு போன் போட்டாள். அப்பா பக்கத்தில் போனால் ஏதாவது வாடை வருகிறதா என்று கேட்டாள்.

"வருதாவா? நாலஞ்சு நாளா வயித்தைப் புரட்டுது" என்றாள் அண்ணி. "நீதான் தினம் மோந்து பாக்கறே. நீயே ஒண்ணும் சொல்லல, உனக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியப்போகுதுன்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னாள். அங்கே போய்ச் சேர்ந்தபோது அப்பா சக்கர நாற்காலியில், சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, ஏதோ விசேஷத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். வலி இல்லாதவருக்குப் பயமும் இல்லை. எதற்கு இந்த அலைச்சல், இவளுக்கு வேலை நேரம் என்று அண்ணியிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே முகக் கவசத்தை இழுத்து மேலே விட்டுக்கொண்டார். மூடியிருந்த தோலை விரலால் அழுத்தினார். அது பழுத்த பழம் மாதிரி அமுங்கி, ஓரத்தில் பிய்ந்தது. நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். அவர் கணுக்காலுக்கு மேலே, ஆடுசதையில், முழங்காலுக்குக் கீழே என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு போனார். கை எங்கே நின்றது என்பதை அவள் பார்த்தாள். அதற்கு மேல்தான் வெட்டுவார்கள்.

"தினம் யார் கட்டு மாத்தறது?" நிமிராமல் கேட்டார்.

அப்பா முந்திக்கொண்டார். குரலில் அந்தப் பழைய பெருமை.

"என் பொண்ணுதான் டாக்டர். பெரிய ஓட்டல்ல மூக்கு வேலை அவளுக்கு. தினம் மோந்து பாத்துட்டுத்தான் கட்டுவா."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தாள்.

"எனக்கு வாசனை தெரியாது" என்றாள் அவள். "ரெண்டு மாசமாத் தெரியாது."

அப்பா அவளையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னப் பிள்ளைகள் சொல்வதை மறுக்கிற மாதிரி தலையை அசைத்தார்.

"பயந்துபோய் ஏதோ சொல்றா டாக்டர்" என்றார். "இன்னைக்குக் காலைலகூட நல்லாருக்குன்னு சொன்னாளே."