செவலைக்கு வைத்த சோறு

ஆறாயிரத்து நானூறு ரூபாய். தாயம்மாவின் கூலியில் பண்ணை இன்னும் பிடிக்க வேண்டிய பாக்கி.

பெரும்பாக்கத்தில் முதல் பஸ் ஏறி, இருட்டு கலையுமுன் அடையாற்றங்கரை ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்திருந்தாள். ஈரப்புல் கணுக்காலை அறுத்தது. நேற்று மாடுகள் மேய்ந்த நிலத்துண்டிலிருந்து வேலிக் கம்பிகளைப் பிடுங்கி, புதுத் துண்டைச் சுற்றி நட்டு, மின்சாரம் ஓடும் நாடாவை இழுத்துக் கட்ட வேண்டும். மேய்ந்த மண் ஆறுவதற்காகத் தினமும் வேலி நகரும் பண்ணை அது. மாட்டுக்குப் புல்லைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது.

தாயம்மாவுக்கு அது தெரியும். ஆனால் சைதாப்பேட்டைக் குடிசைகளை அரசு இடித்து, அங்கே இருந்தவர்களைத் திசைக்கொருவராய் அனுப்பிய பிறகு, எதிரில் ஆளில்லாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் செவலைப் பசுவின் அருகே உட்கார்ந்து, "நீயும் துன்னு" என்று பாதியை அதற்கு வைத்தாள். தினமும் வைத்தாள். செவலைக்கு வயிறு உப்பியது. ஆராய்ச்சியிலிருந்து அதை விலக்கினார்கள். வைத்தியச் செலவு இவள் தலையில் விழுந்தது. நமக்கும் கூலி வெட்டு வருமோ என்று மற்றவர்கள் இவளோடு பேசுவதையே விட்டார்கள்.

இன்று பண்ணையைப் பார்க்க, அதற்குப் பணம் போடும் ஆட்கள் மயிலாப்பூரிலிருந்து வருகிறார்கள். அவசரத்தில் நாடா இழுத்த வேலையாள் கரீமுல்லாவை ஒரு மாடு உதைத்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் சரிந்தான். தாயம்மா ஓடிப்போய் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

மேலாளர் கருணாகரன் மணியைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போ. செலவைச் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

"இன்னா சார் நியாயம்? மாட்டுக்கு வவுறு உப்புனா யக்கா குடுக்கணும். மாடு என்னை ஒதைச்சா நான் குடுக்கணும். மாட்டாண்ட ஒரு தபாவாவது புடி சார்!"

யாரோ சிரித்தார்கள். தாயம்மா கையிலிருந்த கம்பிகளைக் கீழே போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கம்பி நட்டுக்கொண்டிருந்த குல்சும் உட்கார்ந்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். வேலி நகரவில்லை, பசித்த மாடுகள் நாடாவுக்கு அந்தப்புறம் கத்தின. வாசலில் கார்கள் வந்து நின்றன.

கருணாகரன் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "தாயம்மா, உன் பாக்கி முழுசும் தள்ளுபடி. எழுந்திரு."

அவள் எழவில்லை. "என்னுது போச்சு. இவன் காலு செலவு கீதே?"

"அது மேலிடத்துல கேக்கணும்."

"கேட்டுக்கினு வா சார். இங்கதான் குந்தினு கீறோம்."

குல்சும் தன் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள். "துன்னு, யக்கா."

தாயம்மா ஒரு வாய் அள்ளினாள். சோறு இறங்கியது.