சுருங்கிப்போன வளையம்

என் உலையைப் பழைய இரும்புக்கு எடுக்க அன்று காலையிலேயே ஆள் வந்துவிட்டார். டேப்பால் அளந்து, கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி ஒன்றும் போட்டார். பதினாறு வருஷமாக நான் ஏற்றி இறக்கும் உலை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயிரத்து நானூறு டிகிரிக்கு மேல் அதற்கு மூச்சு வாங்கும். அந்தச் சூட்டில் அலுமினா என்ற பீங்கான் பொடி முழுதாக இறுகாது. பம்புக்குள் போகும் சீல் வளையங்கள் தண்ணீரைக் குடித்துவிடும். அனுப்பிய சரக்கெல்லாம் திரும்பி வந்தது. உலை போனால் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பொடி நிறுக்கும் என் நாத்தனார் ஒரு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். "அண்ணி, நூறு கிராமுக்கு நாலு கிராம் மாங்கனீசும் டைட்டானியாவும் கலந்து பார்க்கலாமே. குறைஞ்ச சூட்டுலேயே பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

"சுத்தமான பொடியில குப்பையைக் கொட்டுவியா? கலப்படம்னு சொன்னா என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?" என்று எரிந்து விழுந்தேன். மூன்று நாளுக்கு முன்புதான், இனி போவதற்கு என்ன இருக்கிறது என்று, "என்னமோ பண்ணித் தொலை" என்றேன்.

அவள் கலந்த பொடியில் செய்த வளையங்களைச் சுட்ட உலை அன்று ஆறியதும் கதவைத் திறந்தேன். ஐயையோ! வெள்ளையாக உள்ளே போன வளையங்கள் பழுப்பேறிக் கிடந்தன. அதுமட்டுமா, அளவு பார்க்கும் கட்டை வளையத்துக்குள் நுழையவே இல்லை.

முதலாளி தலையில் கைவைத்தார். "ஏம்மா, நிறமும் போச்சு, அளவும் போச்சா?"

"எல்லாம் என்னாலதான் அண்ணி." நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

கத்துவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். போட்ட பொடி அத்தனையும் உள்ளே இருக்க, வளையம் மட்டும் எப்படிச் சின்னதாகும்? துகள்களுக்கு நடுவே இருந்த காற்றுதானே வெளியேறியிருக்க வேண்டும்!

வளையத்தை நாக்கில் வைத்தேன். பழைய வளையம் என்றால் ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடித்து இழுக்கும். இது வழுக்கியது.

"அந்தம்மாவுக்கு அவ்வளவு பசியா?" என்றார் இரும்புக்காரர்.

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா!"

வளையத்தை நிறுத்தோம்: இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, துடைத்து, திரும்பவும் தராசில் வைத்தோம். அதே இருநூற்றுப் பன்னிரண்டு! ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

"அச்சைப் பெரிசாக்கினா அளவு சரியாயிடும் சார்! பம்புக்குள்ள நிறத்தை யாரு பார்க்கப் போறா?" என் குரல் கூரையைத் தொட்டது.

முதலாளி தராசை மூன்று தடவை குனிந்து பார்த்தார். பிறகு இரும்புக்காரரிடம், "டேப்பைச் சுருட்டுங்க" என்றார்.

நான் நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கெட்டிக்காரிடி நீ!"

"குப்பைன்னு சொன்னீங்களே அண்ணி?"

"சொன்னேன்தான். போய் அந்தக் குப்பையை இன்னொரு தரம் நிறுத்துக் கொண்டா."

அவள் ஓடினாள். நான் கதவிலிருந்த சாக்பீஸ் குறியைச் சட்டைக் கையால் அழித்துவிட்டு, உலையைக் கூட்டிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன்.