பதின்மூன்றாம் பக்கம்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், குர்ஆன் மனன விடுதியின் வாசலில் துடைத்த காலணிகள் வரிசையாகக் காத்திருந்தன. வீட்டுக்குப் போக மாதத்துக்கு இரு முறைதான் விடுப்பு. அன்றைய பக்கத்தைச் சரியாக ஒப்பித்தவர்களுக்கு மட்டுமே அதுவும் கிட்டும்.

பதினான்கு வயது செஸாய்க்கு அந்த விடுப்பு அவசியமாயிருந்தது. மறுநாள் காலை அவன் அண்ணன் யாஷார் பட்டாளத்துக்குப் புறப்படுகிறான். அவர்கள் ஊரான மெர்சிஃபோனின் பேருந்து நிலையத்தில் மேளமும் குழலும் முழங்க, நண்பர்கள் அண்ணனைத் தூக்கி எறிந்து பிடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் தம்பி இல்லாமல் இருப்பதா? விடுதி இருந்த அமாசியாவிலிருந்து ஊருக்குக் கடைசி மினிபஸ் நான்கு மணிக்கு.

விடுதியில் குர்ஆனின் முப்பது பாகங்களையும் பின்னாலிருந்து மனனம் செய்வார்கள். முதற்சுற்றில் ஒவ்வொரு பாகத்திலும் கடைசியான இருபதாம் பக்கம், அடுத்த சுற்றில் பத்தொன்பதாம் பக்கம். செஸாய் எட்டாம் சுற்றில் இருந்தான். அவனுக்குரியது பதின்மூன்றாம் பக்கம்.

ஆசிரியர் நெவ்ஸாத் ஹோஜாவின் முன் மண்டியிட்டு அவன் இரண்டு வரி ஓதியிருப்பான். ஹோஜா கையை உயர்த்தினார்.

"இது பன்னெண்டாம் பக்கம்பா. உன்னோடது அதுக்கு எதிர்ல இருக்கு."

பின்வரிசை சிரிப்பில் குலுங்கியது. "அடுத்த சுற்றுப் பாடத்த இப்பவே முடிச்சிட்டான் ஹோஜா! அடுத்த மாச லீவையும் சேத்துக் குடுத்துருங்க!"

"சும்மா இருங்கடா. செஸாய், இத முன்னாடி யாருகிட்ட ஒப்பிச்சே?"

ஹோஜாவிடம் வருமுன் ஒரு தோழனிடம் ஒப்பித்துவிட்டு வருவது அங்குள்ள முறை. கேட்டவன் கவனம் பிசகினால் அவனுக்கும் விடுப்பு கிடையாது. செஸாய் ஒப்பித்தது தன் மேல்கட்டிலில் படுக்கும் புன்யாமினிடம். அவனோ தன் பக்கத்தை முடித்துவிட்டு, தன் ஊரான தோகாட்டுக்குப் பையும் கட்டிவிட்டான். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவன் வீட்டைப் பார்த்ததே இல்லை.

"யாருகிட்டயும் இல்ல ஹோஜா. நானே சொல்லிப் பாத்துக்கிட்டேன்."

"நான்தான் கேட்டேன் ஹோஜா."

ஒரு காலில் மட்டும் காலணியுடன் வாசலில் நின்றிருந்தான் புன்யாமின். "அழகா ஓதுனான். அதுலயே மயங்கிட்டேன். பக்க எண்ணப் பாக்கல."

ஹோஜா அவன் பக்கம் திரும்பினார்.

"அப்ப உன் பை கட்டிலுக்கு அடியில போகட்டும்."

"சரி ஹோஜா."

"செஸாய், மூணரை வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். பொய் சொன்னதுக்கு, ஊருல இருந்து வந்ததும் நீ பாத்திரம் தேய்க்கிறே."

'ஊரிலிருந்து வந்ததும்' என்ற சொல் செஸாயின் நெஞ்சில் தங்கிவிட்டது. அப்போது மணி இரண்டு.

தாழ்வாரத்தில் இருவரும் மேலும் கீழுமாக நடந்தார்கள்.

"ஏன்டா சொன்னே? பேசாம கெளம்பியிருக்கலாம்ல?"

"கெளம்பியிருக்கலாம். எங்கம்மா செய்ற பக்லவா இனிப்பு தொண்டையில எறங்கணுமே! வாயடிக்காத, ஓது."

ஒவ்வொரு வசனத்தையும் புன்யாமின் பத்து முறை சொல்ல வைத்தான். நா குழறிய இடத்தில் அவன் சலித்துக்கொள்ளவில்லை. விடுப்பை இழந்தவன் முகமாகவே அது இல்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் செஸாய்க்குப் பக்கத்தின் பதினைந்து வரிகளும் மனத்தில் நின்றன.

மூன்று இருபதுக்கு ஹோஜாவின் முன் அமர்ந்தான். மூன்று தடுமாற்றம் வரை மன்னிப்புண்டு. இரண்டு முறை தடுமாறினான். கடைசி வசனத்தில் மூச்சை இழுத்து நிறுத்தி, மெல்ல ஓதி முடித்தான்.

"ஓடு" என்றார் ஹோஜா.

மறுநாள் மேள முழக்கத்தில் யாஷார் மூன்று முறை வானுக்குப் போய் வந்தான். செஸாய் தொண்டை கட்டுமளவு கூவினான்.

ஞாயிறு மாலை அவன் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அழைக்காமலே புன்யாமின் இன்னொரு நாரை எடுத்துக்கொண்டு வந்தமர்ந்தான்.

"நாளைக்குப் பக்கத்த யாருகிட்ட ஒப்பிக்கப் போறே?"

"உன்கிட்டதான்."

"இன்னுமாடா என்னை நம்புறே?"

"வேற யாரடா நம்புறது?"

புன்யாமின் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு கை கால் கழுவி ஒளுச் செய்து வந்தான். குர்ஆனைத் திறந்தான். முதலில் பக்க எண்ணை, விடுதி முழுவதும் கேட்கும்படி, உரக்க வாசித்தான்.