நான்காம் பக்கத்து லெட்சுமி

மதியம் மூன்று மணிக்குக் கீழே வரவேற்பறையிலிருந்து போன் வந்தது. கிள்ளானிலிருந்து ஒரு கணவன் மனைவி, நான்காம் பக்கம் பார்ப்பவரைப் பார்க்காமல் போகமாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்களாம். அந்தப் பாவி நான்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் இதே பத்திரிகை அலுவலக மாடியில் இருபத்தாறு வருடமாக அந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பாராட்டுவதற்கென்று யாரும் படியேறி வந்ததில்லை. திட்ட வருகிறவர்கள் உண்டு, பெரும்பாலும் மரண அறிவிப்பில் மருமகன் பெயர் விட்டுப்போனதற்காக. அப்படி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

அந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். எங்கேயோ பார்த்த முகம். கணவர் தம்புசாமி, லோரி ஓட்டி ஓய்ந்தவர், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பையிலிருந்து எடுத்து நீட்டியது எங்கள் பத்திரிகையின் ஒரு துண்டு. லாமினேட் செய்திருந்தார்கள். தேதியைப் பார்த்தேன், பழைய ஆட்சியின் கடைசி மாதம். நாற்பத்திரண்டு தோட்டக் குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்று தலைப்பு. படத்தில் அப்போதைய துணையமைச்சர் அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றை நீட்டுகிறார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இதே அம்மாள் பல் தெரியச் சிரிக்கிறார். கீழே லெட்சுமி என்று பெயர் போட்டிருந்தது.

"திங்கக்கெழம லயத்த ஒடைக்க வராங்க தம்பி. லேண்ட் ஆபீஸ்ல இதக் காட்டுனோம். சூராட் இருக்கான்னு கேக்குறாங்க. எங்ககிட்ட இருக்கிற சூராட் இதான்," என்றார் லெட்சுமியம்மாள்.

கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில்தான் இன்னும் இருக்கிறார்கள், புது வீடு எழும்பவே இல்லை. நாற்பத்திரண்டு குடும்பத்தில் பாதிப் பேர் பிள்ளைகளோடு செமினி பக்கம் போய்விட்டார்கள், மற்றவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. வீடு தருவதாக யாரும் சூராட், கடிதம் என்று எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. இவர்களும் கேட்கவில்லை. பேப்பரிலேயே வந்துவிட்டது, அதற்கு மேல் என்ன கடிதம் என்று இருந்துவிட்டார்கள். லயத்தில் எல்லா வீட்டிலும் இந்தத் துண்டு லாமினேட் ஆகி, சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறதாம். இப்போது, இந்தச் செய்தி உண்மைதான் என்று எங்கள் பத்திரிகைத் தாளில் நான்கு வரி எழுதி முத்திரை குத்தித் தரவேண்டும். அதற்காக மத்தியான வெயிலில் கொமுட்டர் ரயில் ஏறி வந்திருக்கிறார்கள்.

அந்தச் செய்தி எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தபோது துணையமைச்சரின் பத்திரிகைச் செயலாளர் அறிக்கையையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வீடு கட்டுவது பற்றி ஆலோசிக்கப்படும் என்றுதான் அறிக்கையில் இருந்தது. அரை மணி நேரத்தில் அவரே போன் செய்து, ஆலோசனை கீலோசனை என்று போட்டால் மக்களுக்கு எப்படி நம்பிக்கை வரும் என்று கேட்டார். ஆசிரியர் முத்தையா, விளம்பரம் வருகிற இடம், அவர் சொல்கிறபடி போட்டுத் தொலை என்றார். போட்டேன். அப்போதும் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. கிள்ளான் பக்கமே போகாமல், அந்த அம்மாள் சொன்னதாக இரண்டு வரியை நானே எழுதி அடைத்தேன்.

லெட்சுமியம்மாள் அந்த இரண்டு வரியை இப்போது பார்க்காமலே ஒப்பித்தார். எங்கள் வாழ்நாள் கனவை நிறைவேற்றிய அரசாங்கத்துக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கும்.

"மொதல்ல படிச்சப்ப, நான் எப்ப இப்படிப் பேசுனேன்னு இருந்துச்சு. அப்புறம், பேப்பர்லயே போட்டிருக்காங்க, பேசித்தான் இருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன். ஓட்டும் அவங்களுக்குத்தான் போட்டோம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

முத்தையா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. கடிதம் கொடுத்தால் அன்றைக்குப் போட்ட பொய்க்கு நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்றார். அதோடு விடவில்லை. அந்த லயம் பற்றித்தான் இப்போது புது ஆட்சிக்காரர்களிடமிருந்து அறிக்கை வந்திருக்கிறது, நாளைக்கு நான்காம் பக்கத்தில் போகவேண்டும் என்று திரையைக் காட்டினார். குடியிருப்பாளர்கள் வளர்ச்சித் திட்டத்துக்கு வழிவிட்டு மனமுவந்து காலி செய்ய இணங்கினர் என்று இருந்தது. ஆட்சி மாறி இவ்வளவு நாளாகிறது. அறிக்கைத் தமிழ் மட்டும் அப்படியே இருக்கிறது.

"படம் அனுப்பல. பழைய ஃபைல்ல ஒரு பொம்பள சிரிச்சிக்கிட்டு நிக்கிறா பாரு, அந்தச் சாவிய வெட்டிட்டுப் போடு லா. ஆறு மணிக்குள்ள பக்கம் வேணும்."

அந்தப் பொம்பளை கீழே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். அவருக்கும் அடுத்த வருடம் ஓய்வு. ஆறு மணி என்று மறுபடி சொன்னார்.

படியிறங்கும்போது கால் வலித்தது. இந்த வயதில் வேறு வேலை தேட முடியாது, அது ஒரு பக்கம். இருபத்தாறு வருடத்தில் இப்படி எத்தனை பேருக்கு வாயும் வார்த்தையும் நானே கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை, அது இன்னொரு பக்கம். யாராவது ஒருவர் திரும்பி வந்து கேட்பார் என்று நினைத்ததே இல்லை.

கடிதம் தரமாட்டார்கள் என்று சொன்னேன். நாளை வரப்போகும் செய்தியையும் சொன்னேன். பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன்.

"அம்மா, அத நீங்க சொல்லல. நாந்தான் எழுதுனேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. லாமினேட் தாளை மடியில் வைத்து, அந்த இரண்டு வரி இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். தம்புசாமிதான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"இப்ப அவ சொல்றத எழுதுவீங்களா?"

எழுதுவேன், நான்காம் பக்கத்திலும் வைப்பேன், அச்சுக்குப் போகிறவரை அது நிற்குமா என்று எனக்குத் தெரியாது என்றேன். அதற்கே அவர் சரி என்று தலையாட்டினார்.

"நாங்க மனசார போகல. போறதுக்கு எடமும் இல்ல. வீடு தரேன்னாங்க, தரல. அவ்வளவுதான் தம்பி," என்றார் லெட்சுமியம்மாள். எழுதிக்கொண்டேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

படம் வேண்டும் என்றேன். அவர் எழுந்து, சுவரோரமாக நின்று, முந்தானையைச் சரிசெய்து, பழைய பத்திரிகைத் துண்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அந்தப் படத்துக்குள் சாவியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு லெட்சுமி சிரித்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலேகால். நான் கைப்பேசியைத் தூக்கியதும் அவர் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறியது.

"அன்னிக்குச் சிரிங்கன்னு சொன்னாங்க," என்றார். "இப்பவும் சிரிக்கணுமா தம்பி?"